‘இங்கே வா’: வழக்குத் தொடர்களை மொழிபெயர்க்கும் முறை

காவியத்தையும் தத்துவ நூலையும் மொழிபெயர்ப்பது கடினம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். அன்றாடம் வாயில் புழங்கும் ‘வாருங்கள்’, ‘போய் வருகிறேன்’, ‘நன்றி’, ‘மன்னியுங்கள்’ போன்ற தொடர்களைப் பெயர்ப்பது மிக எளிது என்றே பலர் எண்ணுகின்றனர். இடப்பக்கம் ஆங்கிலத் தொடரையும் வலப்பக்கம் அதற்கு நேரான பிறமொழித் தொடரையும் அச்சிட்டு வரும் கையேடுகள் இவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டன.

உண்மை இதற்கு மாறானது. தத்துவ நூலில் வரும் அருஞ்சொல்லுக்கு நூலாசிரியரே விளக்கம் தருவார். உரையாசிரியரும் துணைக்கு வருவார். அன்றாடத் தொடருக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. சொல்பவர் யார், கேட்பவர் யார், இடம் எது, வேளை எது என்பவற்றிலேயே அதன் பொருளில் பாதி அடங்கிக் கிடக்கும். அப்பாதியைக் கைவிட்டுச் சொற்களை மட்டும் பெயர்த்தால் இலக்கணப் பிழையற்ற வாக்கியம் ஒன்று கிடைக்கலாம். சொல்லவந்த செய்தி கிடைக்காது. ஆங்கில வழக்குத் தொடர்கள் பிரெஞ்சு மொழியில் எவ்வாறு அமைகின்றன என்பதைத் தமிழோடு ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

பிரெஞ்சு மொழி எதற்கு?

கிள்ளான் வட்டாரத்துத் தமிழருக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். தொடர்பு அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். 1917இல் ‘தென்னமரம்’ என்னும் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனையை வாணிக அளவில் நட்டவரும் அவரே. இன்று கேரி தீவு முதலாகச் சிலாங்கூர்க் கரையெங்கும் காணப்படும் செம்பனைக் காடுகளுக்கு அதுவே முன்னோடி. தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவல், 1930ஆம் ஆண்டில் பிரான்சின் புகழ்மிக்க கோன்கூர் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டே எரிக் சட்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிரெஞ்சில் ‘மலாயா’ என்ற பொருளுடைய ஒற்றைப் பெயராக நின்ற தலைப்பு, ஆங்கிலத்தில் ‘மலாயாவின் ஆன்மா’ எனப் பொருள்படும் தொடராக விரிந்தது. மூலத் தலைப்பில் ‘ஆன்மா’ இல்லை. அதைச் சேர்த்தது ஆங்கிலப் பதிப்பு. ஒரு நாட்டின் பெயரைப் பெயர்க்கும்போதுகூடப் படிப்பவர் யார் என்ற கேள்வி குறுக்கிடுகிறது என்பதற்கு இது சான்று.

இதனினும் முக்கியமான காரணம் மற்றொன்று உண்டு. ஆங்கிலம் மறைத்து வைக்கும் ஒன்றைத் தமிழும் பிரெஞ்சும் வெளிப்படையாகச் சொல்லும் மொழிகள். ஆகவே ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் பிரெஞ்சுக்காரர் படும் பாட்டைத் தமிழர் எளிதில் உணர முடியும்.

சொல்லுக்குச் சொல் வைத்தவர் கதை

சூழலை விட்டுச் சொல்லை மட்டும் பெயர்ப்பதால் விளையும் கேட்டை உலகுக்கு உணர்த்திய நூல் ஒன்று உண்டு. 1855ஆம் ஆண்டில் பெட்ரோ கரோலினோ என்பவர், போர்த்துக்கீசியர் ஆங்கிலம் பேசக் கற்பதற்கென ஓர் உரையாடல் கையேட்டைப் பாரிசில் வெளியிட்டார். போர்த்துக்கீசியம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்த ஒரு கையேட்டை எடுத்து, அதிலுள்ள பிரெஞ்சுத் தொடர்களை அகராதியின் துணையால் ஆங்கிலமாக்கினார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நெடுநேரம் ஒருவருக்காகக் காத்துக் கிடப்பதைக் குறிக்க, ‘மர்மோவைக் கடிப்பது’ என்ற பொருளில் பழைய பிரெஞ்சு மரபுத்தொடர் ஒன்று உண்டு. கரோலினோ அதனைச் ‘சிறு குரங்கைக் கடித்து நொறுக்குதல்’ என்று பொருள்படும்படி ஆங்கிலமாக்கிவிட்டார். ஆங்கிலேயர் விழுந்து விழுந்து சிரித்தனர். 1883இல் இந்நூல் அமெரிக்காவில் மறுபதிப்பானபோது மார்க் டுவெயின் அதற்கு முன்னுரை எழுதினார். கரோலினோ சோம்பேறியல்லர், அகராதியைப் புரட்டி உழைத்தவரே. ஆயினும் அத்தொடரை எவர், எப்பொழுது சொல்வர் என்ற ஒரு வினாவை அவர் கேட்கத் தவறிவிட்டார். அவ்வினா இல்லாத இடத்தில் உழைப்புப் பயன் தராது.

குரங்குக் கதை சிரிப்போடு முடிந்துவிட்டது. எல்லாப் பிழைகளும் அவ்வாறு சிரிப்போடு முடிவதில்லை.

‘யூ’ என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இன்று வழங்குவது ‘யூ’ என்ற ஒரே சொல். அரசரும் ‘யூ’, ஆண்டியும் ‘யூ’. பிரெஞ்சில் இரு சொற்கள் உண்டு. நெருங்கியவர்க்கும் சிறுவர்க்கும் ‘து’. அறிமுகமற்றவர்க்கும் மதிப்புக்குரியவர்க்கும் ‘வூ’. தமிழில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ எனப் பல படிகள் உள்ளன. ஆகவே, ‘இங்கே வரவும்’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடர் எளியதாகத் தோன்றினும், அதனைப் பிரெஞ்சிலோ தமிழிலோ பெயர்ப்பவர் முதலில் ஒரு தீர்ப்பு வழங்கியாக வேண்டும். ‘வா’ என்பதா, ‘வாருங்கள்’ என்பதா? மூலத்தில் இல்லாத ஒரு தகவலை மொழிபெயர்ப்பாளர் தம் பொறுப்பில் சேர்க்கிறார். சேர்க்காமல் ஒதுங்கி நிற்கவும் அவரால் இயலாது.

இவ்வேற்றுமை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஆல்பெர் காம்யுவின் நாவல் தக்க எடுத்துக்காட்டு. 1942இல் வெளிவந்த அந்நாவலை ‘அந்நியன்’ என்ற பெயரில் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்க, 1980இல் க்ரியா வெளியிட்டது. கதைநாயகன் மெர்சோவிடம் அண்டை வீட்டானான ரேமோன் ஓர் உதவி வேண்டுகிறான். பேச்சின் நடுவே ‘வூ’வைக் கைவிட்டு ‘து’ என்று அழைக்கத் தொடங்குகிறான். மெர்சோ அதை உடனே கவனிக்கவில்லை. இனி நீ என் உண்மை நண்பன் என்று ரேமோன் கூறும்போதுதான் அவனுக்கு அது உறைக்கிறது. பின்னர் அவனை அழிவுக்கு இட்டுச் செல்லும் உறவு, ஒரு பிரதிப்பெயர் மாறிய கணத்தில் உறுதிப்படுகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நேர்வழி இல்லை. சுற்றி வளைத்தே விளக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு ‘நீங்கள்’ என்பது ‘நீ’ என மாறியது என்றாலே போதும். ஆங்கிலத்தின் வழியாக உலக இலக்கியத்தைப் பெயர்க்கும் தமிழர், மூலமொழியில் இருந்து தமிழிலும் இருக்கக்கூடிய இத்தகைய செல்வங்களை இடைவழியில் இழந்துவிடுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலக் கதையில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ‘யூ’ என்பர். பிரெஞ்சில் பெயர்ப்பவர் பெரும்பாலும் இருவர் வாயிலும் ‘து’ என்பதை வைப்பார். தமிழில் பெயர்ப்பவரோ மனைவி வாயில் ‘நீங்கள்’ என்றும் கணவன் வாயில் ‘நீ’ என்றும் பழக்கத்தால் எழுதிவிடுகிறார். மூலத்தில் சமமாக நின்ற இருவர் தமிழில் மேலும் கீழுமாகிவிடுகின்றனர். கதை நடக்கும் காலம், குடும்பம், அவர்தம் இயல்பு ஆகியவற்றை நோக்கி அவ்வாறு எழுதுவது வேறு. கை பழகிய வழியில் எழுதிவிடுவது வேறு. முன்னது மொழிபெயர்ப்பு, பின்னது கவனக்குறைவு.

தோட்டத்தில் நடந்த மொழிபெயர்ப்பு

இச்சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இளம் ஆங்கிலேயருக்கென்று கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் ஒரு சிறு தமிழ்க் கையேட்டை வெளியிட்டனர். சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கேற்ற நூல் அது. அதற்கு இட்ட பெயரே ‘இங்கே வா’ என்பது. ஒரு மொழியைக் கற்க வருபவர்க்கு அம்மொழி முதலில் காட்டும் முகம் வணக்கமாகவோ நலம் வினவுவதாகவோ இருத்தல் உலக வழக்கம். இக்கையேட்டின் அட்டையில் நின்றது ஓர் ஏவல் வினை. அதுவும் தமிழில் உள்ள ஏவல் வடிவங்களுள் மதிப்புச் சிறிதும் கலவாத வடிவம்.

ஆங்கிலத் தொடரில் இம்மதிப்புக் குறைவு கிடையாது. இலண்டனில் ஒரு துரை தம் நண்பரையும் அதே தொடரால் அழைக்கலாம். குறைவு நேர்ந்தது மொழிபெயர்ப்பில். கற்றுக்கொடுத்தவர் ‘வாருங்கள்’ என்ற வடிவம் இருப்பதை அறியாதவர் அல்லர். எவரை நோக்கி இத்தொடர் சொல்லப்படும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். இவ்வகையில் அக்கையேடு சூழலை மறந்த நூலன்று. சூழலை நன்கு அறிந்த நூல். அச்சூழல்தான் குற்றமுடையது.

இலங்கையில் பழகிய தோட்டத்துரைமார் பலர் பின்னர் மலாயாவுக்கு வந்தனர். அவர்களுடைய தோட்ட முறையும் உடன் வந்தது. கேரி தீவின் பெயரே வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டத்துரையின் பெயரால் அமைந்தது. மா மெரி மக்களின் பழம் வாழிடமாகிய அத்தீவில், தோட்டம் தோன்றிய பின் மா மெரி மொழி, மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகியவை அருகருகே ஒலித்தன. அத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பு என்பது அறிஞர் மேசையில் நடக்கும் பணியாக இருக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் நடந்தது. துரை சொன்னதைக் கிராணி கேட்டார்; கிராணி சொன்னதைக் கங்காணி உரக்கச் சொன்னார். ‘யூ’ என்று புறப்பட்ட சொல், தொழிலாளியின் காதில் ‘நீ’ என்றோ ‘ஏய்’ என்றோ விழுந்தது. இடையில் நின்ற தமிழரும் அத்தாழ்வைச் சேர்ப்பதில் பங்கு கொண்டனர் என்பதை மறைப்பதற்கில்லை.

பிரெஞ்சு மொழி ஆண்ட நாடுகளிலும் இதே நிலை காணப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், காங்கோ விடுதலை பெற்ற விழாவில், பெல்ஜிய மன்னர் முன்னிலையில் பிரதமர் பத்ரீஸ் லுமும்பா உரையாற்றினார். காங்கோ மக்கள் பட்ட துன்பங்களை அடுக்கிக் கூறியபோது, கறுப்பரை ‘து’ என்று அழைத்தது நட்பினால் அன்று, மதிப்புக்குரிய ‘வூ’ வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டிருந்ததனால் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அடியும் வசையும் பட்ட பட்டியலில் ஒரு பிரதிப்பெயரும் இடம்பெற்றது. மொழிபெயர்ப்பாளர் எளிதாகக் கடந்து செல்லும் அச்சிறு சொல், கேட்பவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ‘நீ’ என்பதோ ‘வா’ என்பதோ தம்மளவில் இழிந்த சொற்கள் அல்ல. தாய் பிள்ளையை ‘வா’ என்கிறாள். அடியார் இறைவனை ‘நீ’ என்கின்றனர். பிரெஞ்சுக் கத்தோலிக்கரும் 1966 முதல் தம் பொது வேண்டுதலில் இறைவனைத் ‘து’ என்றே விளிக்கின்றனர். அதற்கு முன் ‘வூ’ என்றனர். எனவே சொல்லைக் கண்டு அன்பா அவமதிப்பா என்று கூற முடியாது. சொல்பவரையும் கேட்பவரையும் கண்டே கூற முடியும்.

தமிழிலக்கணத்தார் இதனை மிக முற்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஒரு பொருளை வேண்டிப் பெறுவதற்கு ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என மூன்று சொற்களைக் கூறி, தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பதற்கு ஒன்றும், ஒத்தவர் தமக்குள் கேட்பதற்கு ஒன்றும், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பதற்கு ஒன்றுமாக வரையறுக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் முடிவது தமிழில் மூன்றாகப் பிரிந்தது. அக்கால உயர்வு தாழ்வு இக்காலத்துக்கு ஏற்றதன்று. ஆனால் ‘யார், யாரிடம்’ என்று கேளாமல் ஒரு தொடருக்குப் பொருள் கொள்ளலாகாது என்ற முறை இன்றைக்கும் ஏற்றதே.

‘ப்ளீஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன?

வேண்டுகோளுக்கு ஆங்கிலேயர் ‘ப்ளீஸ்’ என்பர். பிரெஞ்சில் அதற்குச் ‘சில் வூ ப்ளே’ என்பது வழக்கு. ‘தங்களுக்கு விருப்பமாயின்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் விருந்தினரை அமரச் சொல்லும் வீட்டுக்காரர் பெரும்பாலும் ‘ழ வூ ஸான் ப்ரீ’ என்ற வேறு தொடரைச் சொல்வார். கேட்டுப் பெறுவது ஒன்று, உபசரிப்பது மற்றொன்று. மலாய் மொழி இப்பிரிவை இன்னும் தெளிவாகக் காட்டும். ‘சீலா டூடோக்’ என்று அமரச் சொல்வர். கதவைச் சாத்தச் சொல்லும்போது ‘தோலோங்’ என்பர். முன்னதில் நன்மை கேட்பவர்க்கு; பின்னதில் உதவி சொல்பவர்க்கு. இந்நாட்டுத் தமிழ்ச் சிறுவரும் மலாய் பேசும்போது இவ்விரண்டையும் பிழையின்றிக் கையாளுகின்றனர்.

தமிழ் எழுதும்போது மட்டும் இவ்விரண்டும் ‘தயவு செய்து’ என்ற ஒன்றாகிவிடுகின்றன. ‘தயவு செய்து அமருங்கள்’, ‘தயவு செய்து வரிசையில் நில்லுங்கள்’, ‘தயவு செய்து சாப்பிடுங்கள்’ என்றெல்லாம் எழுதுகின்றனர். தயவை நாடுவது இக்கட்டில் இருப்பவர் செயல். விருந்தினரிடம் தயவு வேண்டிச் சோறு போடும் வழக்கம் தமிழர் வீட்டில் இல்லை.

அப்படியானால் தமிழில் பணிவுச் சொல் இல்லையா? உண்டு, அகராதியார் தேடும் இடத்தில் இல்லை. ‘உட்காருங்கள்’ என்பதில் உள்ள ‘உங்கள்’ என்ற விகுதியிலேயே பணிவு அடங்கியுள்ளது. ‘கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்’ என்பவர் குறைந்த அளவு நீரைக் கேட்கவில்லை. ‘கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்’ என்பதிலும் அளவு பேசப்படவில்லை. அங்கெல்லாம் ‘கொஞ்சம்’ என்பதே ஆங்கில ‘ப்ளீஸ்’. ‘வந்துவிட்டுப் போயேன்’, ‘சொல்லுங்களேன்’ என்பவற்றின் இறுதி ஏகாரமும் னகரமும் சேர்ந்து நிற்கும் ஒலியில் கெஞ்சலும் உரிமையும் கலந்துள்ளன. இவற்றை விட்டுத் ‘தயவு செய்து’ என்பதையே எங்கும் ஒட்டுவது, பெட்டியில் இருக்கும் பட்டை மறந்து கந்தலைக் கட்டிக்கொள்வது போன்றது.

நன்றியும் மறுமொழியும்

ஆங்கிலேயர் நாளொன்றுக்குப் பலமுறை நன்றி கூறுவர். பிரெஞ்சில் அதற்கு ‘மெர்சி’ என்பது சொல். ஆயினும் உணவு மேசையில் இன்னும் சிறிது வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, வேறொன்றும் கூறாமல் ‘மெர்சி’ என்று மட்டும் சொன்னால், வேண்டாம் என மறுத்ததாகவே கொள்வதுண்டு. ஆங்கில வழக்கை நம்பி ‘மெர்சி’ என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டிக் காத்திருப்பவர் பசியோடு எழ நேரிடலாம். தமிழர் பந்தியில் ‘நன்றி’ என்ற சொல்லுக்கே இடமில்லை. ‘போதும்’ என்பதும், இலைக்கு மேல் நீட்டிய கையும், உண்டு முடித்து மடித்த இலையுமே அங்கு மொழி. ‘நன்றி’ என்பது பழந்தமிழில் வாயால் சொல்லும் உபசாரச் சொல்லாக இருக்கவில்லை. பெற்ற நன்மையையே அது குறித்தது. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. சொல்வதைக் காட்டிலும் மறவாதிருப்பதே அங்கு வற்புறுத்தப்படுகிறது. இன்று ‘நன்றி’ கூறுவது நல்வழக்காகிவிட்டது. அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில நாவலில் ஒரு தாய் நீட்டிய கோப்பையை வாங்கும் மகன் கூறும் சொல்லைத் தமிழில் ‘நன்றி அம்மா’ என்று எழுதினால், பிணக்கு ஏதோ இருக்கிறது என்று தமிழ் வாசகர் ஐயுறுவர். அவ்விடத்தில் அவன் வாங்கிக் குடித்தான் என்பதே சரியான பெயர்ப்பு.

நன்றிக்கு மறுமொழியாக ஆங்கிலேயர் ‘யூ ஆர் வெல்கம்’ என்பர். பிரான்சில் ‘த ரியன்’ என்பர். ‘ஒன்றுமில்லை’ என்பது பொருள். மலாயில் ‘சாமா-சாமா’, இருபுறமும் சமம் என்ற குறிப்புடையது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தோடு நெடுங்காலம் உடன் வாழ்ந்தமையால், வரவேற்பைக் குறிக்கும் ‘பியன்வன்யூ’ என்ற சொல்லையே நன்றிக்கு மறுமொழியாகவும் வழங்குகின்றனர். பிரான்சிலிருந்து சென்றவர்க்கு அது விந்தையாக இருக்கும். தமிழிலும் சிலர் ‘நல்வரவு’ என்று மறுமொழி கூறத் தொடங்கியுள்ளனர். ‘இருக்கட்டும்’, ‘இதில் என்ன இருக்கிறது’, ‘பரவாயில்லை’ என்று தமிழர் காலங்காலமாகச் சொல்லி வந்தவை கையேட்டில் ஏறாமையே இதற்குக் காரணம்.

விடைபெறும் சொல்

விடைபெறும்போது ஆங்கிலேயர் கூறும் ‘குட்பை’ என்பது, இறைவன் துணையிருப்பானாக என்ற வாழ்த்துத் தேய்ந்து உண்டான சொல். பிரெஞ்சில் ‘ஒ ருவ்வார்’. மீண்டும் காணும்வரை என்பது அதன் கருத்து. தமிழில் ‘போய் வருகிறேன்’. மூன்றனுள் பிரெஞ்சும் தமிழும் மிக நெருங்கியவை. இரண்டிலும் மீண்டும் காணும் எண்ணம் உண்டு. பிரெஞ்சில் நெடும்பிரிவுக்கு ‘அதியோ’ என்ற வேறு சொல்லும் உண்டு. அதனைப் பொதுவாக எளிதில் சொல்லிவிடுவதில்லை; தென்பிரான்சில் மட்டும் சாதாரண வணக்கமாகவும் வழங்குவர். ஊர் மாறினால் அதே மொழியிலும் பொருள் மாறுகிறது.

‘போகிறேன்’ என்று மட்டும் தமிழர் சொல்லார். நன்னூலார் கூறும் மங்கல வழக்கின்பாற் படும் இது. ஆனால் இறப்பு நேர்ந்த வீட்டிலிருந்து புறப்படுபவர் ‘போய் வருகிறேன்’ என்று கூறுவதில்லை; சொல்லாமலே எழுந்து செல்வர். ஆங்கில நாவலில் இழவு வீட்டுக்கு வந்தவர் ‘ஐ ஆம் சாரி’ என்று தொடங்கிக் ‘குட்பை’ என்று முடிப்பதாக வரும். இரண்டையும் கையேட்டை நோக்கிப் பெயர்த்தால் வந்தவர் ‘மன்னிக்கவும்’ என்று நுழைந்து ‘போய் வருகிறேன்’ என்று வெளியேறுவார். முன்னது அவரைக் கொலைக் குற்றவாளியாக்கிவிடும்; பின்னது அமங்கலமாகிவிடும். தமிழில் அவர் கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு எழுந்து செல்வார். உரையாடலைச் செயலாக்குவது மூலத்துக்கு இரண்டகம் ஆகாதா எனலாம். ஆகாது, இரங்கலைத் தெரிவித்தல் என்ற நோக்கம் நிறைவேறுகிறதல்லவா?

வாக்கியமே திரும்பும் இடம்

சில தொடர்களில் சொல் மட்டுமன்றி வாக்கிய அமைப்பே தலைகீழாகிவிடும். பிரிந்திருப்பவரை எண்ணி ஆங்கிலேயர் ‘ஐ மிஸ் யூ’ என்பர். அதில் எழுவாய் ‘நான்’. பிரெஞ்சில் ‘து ம மான்க்’ என்பர். ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்பது போன்ற அமைப்பு. எழுவாய் பிரிந்து சென்றவரே. புதிதாகப் பிரெஞ்சு கற்பவர் இதனைத் தலைகீழாக்கி, பிரிந்தவர் தம்மை எண்ணி வருந்துவதாகச் சொல்லிவிடுவது வழக்கம்.

தமிழில் இதற்கு ‘உன்னை இழக்கிறேன்’ என்று சிலர் எழுதுகின்றனர். அது சாவுக்கோ முறிவுக்கோ உரிய தொடர். ‘உன் நினைவாகவே இருக்கிறது’, ‘கண்ணுக்குள்ளேயே நிற்கிறாய்’, ‘நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது’ என்பனவே தமிழ். குழந்தை தாயைப் பிரிந்து சோர்ந்திருந்தால் ‘அம்மாவைத் தேடுகிறது’ என்பர். அத்தேடல் கால்களால் நடப்பதன்று. தாய் கூறுவது, காதலன் கூறுவது, வேலைக்கு வெளியூர் சென்ற மகனிடம் தந்தை தொலைபேசியில் கூறுவது ஆகியவை வெவ்வேறு தொடர்களை வேண்டும். தந்தை பெரும்பாலும் ‘எப்பொழுது வருகிறாய்?’ என்று மட்டுமே கேட்பார். அதுவே அவர் மொழியில் அவ்வாங்கிலத் தொடர்.

உவமைத் தொடர்களும் எல்லையும்

மரபுத்தொடர்களில் மாற்று உவமை காண்பது இன்பம் தரும் பணி. ஒரு கல்லால் ஆங்கிலேயர் இரு பறவைகளைக் கொல்வர். பிரெஞ்சுக்காரர் இருமுறை அடிப்பர். தமிழர் இரண்டு மாங்காய் வீழ்த்துவர். நிலக்கரி விளைந்த நியூகாசிலுக்கு ஆங்கிலேயர் கரி சுமப்பர். பிரெஞ்சுக்காரர் ஆற்றுக்கு நீர் கொண்டுபோவர். தமிழர் கொல்லன் தெருவில் ஊசி விற்பர். அரிதாக நிகழ்வதை ஆங்கிலேயர் நீலநிலாவோடு ஒப்பிடுவர். பிரெஞ்சுக்காரர் மாதத்தின் முப்பத்தாறாம் தேதி என்பர். தமிழர் அத்தி பூத்தாற்போல என்பர். மாதத்துக்கு முப்பத்தாறு தேதி இல்லை என்பதுதான் அதன் நயம்.

இங்கு எதிர்ப்புறமான ஒரு குற்றத்தையும் சுட்டுதல் வேண்டும். சூழலை நோக்குதல் என்பது எல்லாவற்றையும் தமிழ் உடுத்திவிடுதல் அன்று. பாரிசு நகரத்துப் பாத்திரம் ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்று கேட்டால் படிப்பவருக்குப் பாரிசு மறைந்துவிடும். சொல்பவர் யார் என்ற வினாவே இங்கும் காவல். கொல்லன் எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே ஊசி விற்கும் தொடர் பாரிசிலும் பொருந்தும். திருநெல்வேலியோ ஓர் ஊருக்குரியது. ஊர்ப்பெயரும் தெய்வப்பெயரும் உள்ள தொடர்களைத் தவிர்த்து, பொதுப்பொருள் கொண்டவற்றை எடுப்பதே தகும்.

‘காலை வணக்கம்’

கண்டிப்பிலும் அளவு வேண்டும். ஆங்கிலேயர் காலை, பகல், மாலை என வேளைக்கொரு வணக்கம் வைத்துள்ளனர். பிரெஞ்சுக்காரர் பகல் முழுவதற்கும் ‘போன்ழூர்’ என்ற ஒன்றையே வழங்குவர். கியூபெக்கில் ஆங்கிலத்தைப் பின்பற்றிக் காலைக்கெனத் தனியே ‘போன் மத்தேன்’ என்று சொல்வதைத் தூய்மை விரும்புவோர் கண்டித்தும் அது வழங்கியே வருகிறது. தமிழில் ‘வணக்கம்’ எவ்வேளைக்கும் போதும். ‘காலை வணக்கம்’ ஆங்கிலத்தின் நிழல். இந்நாட்டில் மலாய் ‘செலாமாட் பாகி’யும் அதற்குத் துணை நின்றிருக்கலாம். எனினும் வானொலியிலும் பள்ளிகளிலும் பரவி மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார். வழக்கு வென்ற இடத்தில் இலக்கணம் வழிவிடுவது தமிழ் மரபே. ‘காலை வணக்கம்’ எவரையும் தாழ்த்துவதில்லை; எவரையும் குழப்புவதுமில்லை. அதனோடு போரிடுவதை விட, கேட்பவரைத் தாழ்த்தும் பெயர்ப்புகளோடும் பொருளைக் கெடுக்கும் பெயர்ப்புகளோடும் போரிடுவதே முறை.

செய்ய வேண்டுவது

இன்று கைப்பேசியில் ஒரு தொடரைக் கொடுத்தால் நொடியில் பிறமொழித் தொடர் வந்துவிடுகிறது. கரோலினோவின் அகராதியைக் காட்டிலும் அக்கருவி பன்மடங்கு திறமையுடையது. ஆயினும் சொல்பவர் பேரனா பாட்டியா, கேட்பவர் முதலாளியா தொழிலாளியா என்பதை எவரேனும் சொன்னாலன்றி அது அறியாது. அதைச் சொல்ல வேண்டும் என்ற உணர்வு பயன்படுத்துவோரிடம் இருத்தல் வேண்டும். அவ்வுணர்வைத் தரவேண்டிய இடம் பள்ளி.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் தனித் தொடர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, ஒவ்வொரு தொடரையும் இருவர் உரையாடலுக்குள் வைத்துக் கொடுத்தல் நலம். ஒரே ஆங்கிலத் தொடரைத் தாய் மகளுக்கும், மாணவர் ஆசிரியருக்கும், கடைக்காரர் வாடிக்கையாளருக்கும், மேலாளர் தொழிலாளிக்கும் கூறுவதாக அமைத்து நான்கு முறை பெயர்க்கச் சொன்னால், நான்கு வெவ்வேறு தமிழ்த் தொடர்கள் கிடைக்கும். ஏன் வேறுபட்டன என்று மாணவர் கேட்கத் தொடங்குவர். மேலாளர் தொழிலாளிக்குக் கூறும் தொடரை ‘வா’ என்று எழுதும் மாணவரிடம், ‘வாருங்கள்’ என்றால் என்ன குறைந்துவிடும் என்று ஆசிரியர் வினவலாம். அவ்வினாவுக்கு அகராதியில் விடை இராது.

தோட்டப்புறங்களில் இப்பொழுது வேலை செய்வோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் ஆணைகள் மொழிபெயர்க்கப்படுகின்றன. இடையில் நின்று பெயர்ப்போருள் தமிழரும் உண்டு. ஒரு தலைமுறையின் காதில் ‘இங்கே வா’ என்று விழுந்த சொல், அடுத்தவர் காதில் எவ்வாறு விழ வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இன்று அவர்கள் கையில் உள்ளது.